மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதை

மயிலாடுதுறை – தரங்கம்பாடி ரயில் பாதை என்பது காவிரிப் படுகையின் கிழக்குப் பகுதியில் 1926 முதல் 1986 வரை இயங்கிய மீட்டர் கேஜ் கிளைப் பாதையாகும். ஏறத்தாழ 30 கி.மீ. நீளமுள்ள இப்பாதை மயிலாடுதுறை சந்திப்பில் தொடங்கி, நெல்வயல்கள் வழியாகக் கிழக்கும் தென்கிழக்குமாகச் சென்று, வங்கக் கடலோரத்தில் உள்ள தரங்கம்பாடியில் முடிந்தது. மூடப்பட்ட பின் தண்டவாளங்கள் அகற்றப்பட்டன.

தஞ்சைப் பகுதியில் மூடப்பட்ட கிளைப் பாதை இது ஒன்று மட்டும் அன்று. மன்னார்குடி, காரைக்கால், வேதாரண்யம் ஆகிய ஊர்களுக்குச் சென்ற பாதைகளும் வெவ்வேறு காலங்களில் நின்றன. அவை பின்னர் அகலப் பாதையாக மீண்டும் இடப்பட்டன. தரங்கம்பாடிப் பாதை மட்டும் மீளவில்லை. ஒரு கிளைப் பாதை எப்படித் தோன்றுகிறது, ஏன் நிற்கிறது, எந்தச் சூழலில் மீண்டு வருகிறது என்பதை அறிய இந்தப் பாதையின் வரலாறு உதவும்.

சுருக்கக் குறிப்பு

- தொடக்கம்: 1926
- மூடல்: 1986
- நீளம்: ஏறத்தாழ 30 கி.மீ.
- பாதை அகலம்: 1 மீட்டர் (மீட்டர் கேஜ்)
- இயக்கியவை: முதலில் தென்னிந்திய ரயில்வே, 1951 முதல் தெற்கு ரயில்வே
- இன்றைய மாவட்டம்: மயிலாடுதுறை

டெல்டாவுக்கு ரயில் வந்த வரலாறு

தஞ்சை நாட்டின் முதல் ரயில் பாதை நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற நிறுவனம் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இலும், அங்கிருந்து திருச்சிராப்பள்ளிக்கு 1862இலும் பாதை அமைத்தது. இது அகலப் பாதையாக இடப்பட்டு, 1870களில் செலவைக் குறைக்க மீட்டர் கேஜாக மாற்றப்பட்டது. இப்பகுதிப் பாதைகள் 1990களுக்குப் பிறகு படிப்படியாக மீண்டும் அகலப் பாதையாயின. ஒரே வழித்தடம் அகலத்திலிருந்து குறுகி மீண்டும் அகலமானது இந்திய ரயில் வரலாற்றில் குறிப்பிடத்தக்க நிகழ்வாகும்.

1874இல் இந்த நிறுவனம் வேறொரு நிறுவனத்துடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆனது. 1870களின் பிற்பகுதியில் தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம், மாயவரம், சிதம்பரம் வழியாக வடக்கு நோக்கிய பாதை வளர்ந்தது. இதுவே இன்றும் ‘மெயின் லைன்’ என்று மக்கள் அழைக்கும் வழி. மாயவரம் என்பது மயிலாடுதுறையின் பழைய பெயர். முதியோர் பேச்சில் இன்றும் அந்தப் பெயரே வழங்குகிறது.

நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது தரங்கம்பாடியின் நிலையைப் பாதித்தது. 1620இல் தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கருடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பேரில் டேனியர் தரங்கம்பாடியில் குடியேறி டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினர். 1706இல் வந்த சீகன்பால்கு இங்கு அச்சகம் நிறுவினார். 1715இல் புதிய ஏற்பாட்டின் தமிழாக்கம் இங்கே அச்சேறி முடிந்தது. 1845இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றனர். பதினாறு ஆண்டுகள் கழித்து நாகப்பட்டினத்தில் ரயில் புறப்பட்டபோது, உள்நாட்டுச் சரக்கு தண்டவாளம் இருந்த துறைமுகத்தை நோக்கியே சென்றது. தரங்கம்பாடிக்கு ரயில் வர அதன் பிறகு 65 ஆண்டுகள் ஆயின.

ஜில்லா போர்டு ரயில்

டெல்டாவின் கிளைப் பாதைகளைப் பற்றிப் பேசும்போது தஞ்சாவூர் ஜில்லா போர்டைக் குறிப்பிட வேண்டும். சாலை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றைக் கவனித்த இந்த உள்ளாட்சி அமைப்பு, ரயில் பாதைக்காகவும் மக்களிடம் வரி வசூலித்தது. நிலத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ரூபாய்க்கு 3 பை என்பது அந்த வரி.

அக்காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 பை. எனவே ஒரு ரூபாய்க்கு 192 பை. ஆண்டு மதிப்பு 100 ரூபாய் உள்ள நிலத்துக்கு உரியவர் 300 பை, அதாவது 1 ரூபாய் 9 அணா, ரயிலுக்காகச் செலுத்தினார். ஒவ்வொருவருக்கும் சிறு தொகைதான். ஆனால் நஞ்சை நிலம் பரந்து கிடந்த தஞ்சை மாவட்டத்தில் அது பெருந்தொகையாகச் சேர்ந்தது.

அந்தப் பணத்தின் துணையோடு மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 54 மைல் பாதை அமைந்து, 1894 ஏப்ரல் 2 அன்று திறக்கப்பட்டது. 1903க்குள் அது பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது. பாதைக்கு உரிமையாளர் ஜில்லா போர்டு. வண்டிகளை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. உள்ளாட்சி அமைப்பு ஒன்று வரி வசூலித்து ரயில் பாதைக்கு உரிமையாளர் ஆனதில் தஞ்சை நாட்டுக்கு முன்னோடியான இடம் உண்டு. நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு 1915இல் ரயில் வந்தது.

இதே காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கும் பாதை வந்தது. மாயவரம் – திருவாரூர் பாதையில் உள்ள பேரளத்திலிருந்து காரைக்காலுக்குச் செல்லும் இந்தப் பாதை 1898இல் திறக்கப்பட்டது. இது பிரெஞ்சு அரசின் சொத்து. வண்டிகளை இயக்கியது தென்னிந்திய ரயில்வே.

தரங்கம்பாடிப் பாதை 1926இல் திறக்கப்பட்டபோது, டெல்டாவில் கடலை நோக்கிச் செல்லும் கிளைகளின் வரிசையில் அதுவும் ஒன்றாயிற்று.

வழியும் ஊர்களும்

பாதை மயிலாடுதுறை நகரைக் கடந்து மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு ஆகிய ஊர்கள் வழியாகத் தரங்கம்பாடியை அடைந்தது. மக்கள் ரயிலைப் பயன்படுத்திய காரணம் ஊருக்கு ஊர் வேறுபட்டது.

*மன்னம்பந்தல்:* 1955இல் இங்கு ஏ.வி.சி. கல்லூரி தொடங்கியது.

*செம்பனார்கோயில், ஆக்கூர்:* பாடல் பெற்ற சிவத்தலங்கள். சுற்றுவட்டாரச் சிற்றூர்களுக்குச் சந்தை ஊர்களாகவும் விளங்குபவை. ஆக்கூர்க் கோயில் யானை ஏற முடியாத உயரத்தில் கட்டப்பட்ட மாடக்கோயில் வகையைச் சேர்ந்தது.

*திருக்கடையூர்:* அமிர்தகடேசுவரர் – அபிராமி கோயில் உள்ள ஊர். அறுபது வயது நிறைந்தவர்கள் மணிவிழாவும், எண்பது வயது நிறைந்தவர்கள் சதாபிஷேகமும் செய்துகொள்ள வெளியூர்களிலிருந்து உறவினர் புடைசூழ வருவது இந்த ஊரின் தனிச்சிறப்பு.

*தில்லையாடி:* தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, 1914 பிப்ரவரி 22 அன்று இளம் வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையின் பெற்றோர் ஊர். காந்தியடிகள் 1915இல் இங்கு வந்தார். அப்போது இந்த ஊருக்கு ரயில் கிடையாது.

*பொறையாறு, தரங்கம்பாடி:* கடற்கரை வணிகமும் மீன்பிடித் தொழிலும் மிஷன் பள்ளிகளும் அருகருகே அமைந்த இரட்டை ஊர்கள்.

தஞ்சை வட்டாரத்தில் ரயில் நிலையத்தை ‘ரயிலடி’ என்று சொல்வது வழக்கம். கோயிலுக்குச் சன்னதித் தெரு போல, ரயிலுக்கு ரயிலடித் தெரு. டெல்டாவில் ரயில் நின்றுபோன ஊர்களிலும் இத்தகைய பெயர்கள் பேச்சில் தங்கிவிடுகின்றன. மறைந்த நிலையத்தின் இடத்தைக் கண்டறிய இந்த ஊர்ப் பெயர்களும் சான்றாகும்.

வண்டல் நிலத்தில் பாதை அமைக்கும் முறை

டெல்டாவில் மலையைக் குடையவோ பள்ளத்தாக்கைக் கடக்கவோ வேண்டியதில்லை. இங்கு சிக்கல் தண்ணீர்தான். மஞ்சளாறு, மகிமலையாறு, வீரசோழன் போன்ற காவிரியின் கிளையாறுகளும், அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களும், வயலில் மிகுந்த நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வடிகால்களும் இப்பகுதியில் பின்னிக் கிடக்கின்றன. குறுவை, சம்பா, தாளடி என்று ஆண்டின் பெரும்பகுதி வயலில் நீர் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வயலும் சாலையும் ஒரே நீர்ப்பரப்பாகும்.

ஆகவே பாதையை வயல் மட்டத்துக்கு மேலே, மண்கரை எழுப்பி அதன் மீது இட வேண்டும். கரைக்கான மண்ணைப் பெரும்பாலும் இருபுறமும் தோண்டி எடுப்பர். மண் எடுத்த பள்ளங்களில் நீர் நின்று நீண்ட குட்டைகள் ஆகும். கரையின் மேல் ஜல்லி, ஜல்லியின் மேல் சிலிப்பர் கட்டைகள், அவற்றின் மேல் தண்டவாளம் என்பது அடுக்கு முறை.

கரை, நீரோட்டத்தைக் குறுக்கே தடுக்கும். எனவே வாய்க்காலும் வடிகாலும் குறுக்கிடும் இடமெல்லாம் சிறு பாலமோ மதகோ கட்டியாக வேண்டும். அவற்றின் அளவு குறைந்தால் கரையின் ஒரு பக்கத்துப் பயிர் மூழ்கும், மறுபக்கம் காயும். பாதை மூடப்பட்ட பிறகும் இந்தப் பொறுப்பு நீங்குவதில்லை. கைவிட்ட கரையில் மதகு தூர்ந்தால், ரயிலே ஓடாத பாதைக்காக வயல் நீரில் மூழ்கும்.

பாதை ஏன் மூடப்பட்டது?

கிளைப் பாதைகள் நலிந்ததற்குப் பல காரணங்கள் ஒன்று சேர்ந்தன.

முதலாவது, பேருந்து. தமிழ்நாட்டில் தனியார் பேருந்துகளும், 1972இல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய சோழன் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளும் டெல்டாவின் சிற்றூர்கள் வரை சென்றன. கிளைப் பாதையில் நாளுக்குச் சில நடைகள் மட்டும் வண்டி ஓடும். பேருந்து அடிக்கடி வரும். ரயிலுக்கு ஊரிலிருந்து ரயிலடி வரை நடக்க வேண்டும். பேருந்து கடைத்தெருவிலேயே நிற்கும்.

இரண்டாவது, பாதைகளின் அமைப்பு. டெல்டாவின் கிளைப் பாதைகள் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கித் தனித்தனியே நீண்டன. அவற்றின் கடற்கரை முனைகள் ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை. தரங்கம்பாடிக்கும் காரைக்காலுக்கும் சாலை வழியில் ஏறத்தாழ 15 கி.மீ.தான். ரயிலில் போக விரும்பியவர் முதலில் மேற்கே மயிலாடுதுறை வரை வந்து, தெற்கே பேரளம் சென்று, அங்கிருந்து மீண்டும் கிழக்கே காரைக்காலுக்குப் போக வேண்டும். இது ஏறத்தாழ 70 கி.மீ. கடற்கரை ஊர்களுக்கு இடையில் நடந்த அன்றாடப் பயணத்தில் ரயிலுக்குப் பங்கே இல்லாமல் போயிற்று.

மூன்றாவது, சரக்கு. நெல் மூட்டையை வயலிலிருந்து மாட்டு வண்டியில் ரயிலடிக்குக் கொண்டுவந்து, கூட்ஸ் வண்டியில் ஏற்றி, சந்திப்பில் வேறு வண்டியில் சேர்த்து, போய்ச் சேர்ந்த ஊரில் மீண்டும் இறக்க வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போகும் சரக்கானால், மீட்டர் கேஜ் முடிந்து அகலப் பாதை தொடங்கும் இடத்தில் பெட்டி விட்டுப் பெட்டி மாற்ற வேண்டும். லாரியோ களத்துமேட்டிலேயே ஏற்றி அரிசி ஆலை வாசலிலேயே இறக்கியது.

நான்காவது, செலவு. பத்துப் பேர் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் நிலைய அலுவலர், கேட் கீப்பர், பாதையைப் பராமரிக்கும் கேங்மேன்கள் ஆகியோர் தேவை. நீராவி எஞ்சினுக்கு நிலக்கரியும் நீரும் தேவை. வருவாய் குறையும்போது பராமரிப்பு குறைகிறது. பராமரிப்பு குறைந்தால் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பயணிகள் குறைகின்றனர்.

இது உலகெங்கும் நடந்தது. பிரிட்டனில் 1963இல் வெளியான பீச்சிங் அறிக்கை, ஏறத்தாழ 5,000 மைல் பாதைகளையும் 2,300க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடப் பரிந்துரைத்தது. இந்தியாவிலும் ஆதாயம் தராத கிளைப் பாதைகளை ஆராய 1969இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. நீடாமங்கலம் – மன்னார்குடி பாதை 1976இல் நின்றது. தரங்கம்பாடிப் பாதை 1986இல் நின்றது. பேரளம் – காரைக்கால் பாதை 1980களின் பிற்பகுதியில் நின்றது.

ஒரு கிளைப் பாதையின் கணக்கில் எழுதப்படாத வரவும் உண்டு. தரங்கம்பாடியில் ஏறி மயிலாடுதுறையில் வண்டி மாறிச் சென்னைக்குப் போகிறவர் முதன்மைப் பாதைக்கும் வருவாய் தருகிறார். கிளை நின்றதும் அவர் வீட்டருகே பேருந்து ஏறிச் சென்னை வரை பேருந்திலேயே போகலாம். அப்போது முதன்மைப் பாதையும் ஒரு பயணியை இழக்கிறது. கிளையை மட்டும் தனியே வைத்துப் போட்ட கணக்குகளைப் பற்றிப் பல நாடுகளிலும் எழுந்த குறை இதுதான்.

தண்டவாளம் அகன்ற பிறகு

ஒரு பாதை மூடப்பட்டதும் முதலில் போவது இரும்பு. தண்டவாளமும் இரும்புச் சட்டங்களும் விலை பெறுபவை, எனவே கழற்றப்படும். அடுத்துச் சிலிப்பர் கட்டைகள், பிறகு ஜல்லி. எஞ்சுவது மண்கரையும், செங்கல் அல்லது கருங்கல் பாலங்களும், நடைமேடையின் கல்வரிசையும், நிலையக் கட்டடத்தின் சுவர்களும்தான்.

கைவிடப்பட்ட கரையை அடையாளம் காணச் சில குறிப்புகள் உள்ளன. ஆற்றங்கரையும் வாய்க்கால் கரையும் நீரின் போக்கில் வளைந்து வளைந்து செல்லும். ரயில் கரை நெடுந்தொலைவு நேராகச் சென்று, மிக மெல்ல வளையும். அதன் மேல்மட்டம் சீராக இருக்கும். இருபுறமும் நீண்ட குட்டைகள் தொடரும். வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில், அந்தச் சிற்றூருக்குப் பொருந்தாத உறுதியுடன் ஒரு பழைய பாலம் நிற்கும். சாலை ஓரிடத்தில் காரணமின்றி மேடேறி இறங்கினால், அது முன்பு ரயில்வே கேட் இருந்த இடமாக இருக்கலாம். பழைய தண்டவாளத் துண்டுகள் வேலிக் கம்பமாகவும் விளக்குக் கம்பமாகவும் நிற்பது உண்டு. அவற்றின் பக்கவாட்டில் தயாரித்த ஆலையின் பெயரும் ஆண்டும் புடைப்பெழுத்தாக இருக்கும்.

நிலம் என்னவாகிறது என்பதே முதன்மையான கேள்வி. 30 கி.மீ. நீளப் பாதைக்கு 20 மீட்டர் அகல நிலம் என்று எடுத்துக்கொண்டால் 60 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 148 ஏக்கர் ஆகும். தஞ்சைக் கணக்கில் இது 22 வேலி. இவ்வளவு நிலம் ஒரே இடத்தில் இல்லாமல் நாடா போல நீண்டு கிடப்பதால் அதைக் காப்பது கடினம். கைவிட்ட கரைகளின் மேல் பொதுவாக முதலில் நடைபாதை விழும், பிறகு வண்டித்தடமாகும், வெள்ளக் காலத்தில் மேடு தேடி வருவோர் குடிசை போடுவர், சில இடங்களில் மண் வெட்டப்பட்டுக் கரை வயலோடு சமமாகும். டெல்டாவில் வீடு கட்ட மேட்டு நிலம் அரிது என்பதை நினைத்தால், இதை வெறும் ஆக்கிரமிப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அங்கு குடியிருப்போரின் வாழ்வும் அதில் அடங்கியுள்ளது.

மீண்டு வந்த பாதைகள்

1992இல் இந்திய ரயில்வே, நாட்டின் பெரும்பாலான பாதைகளை அகலப் பாதையாக மாற்றும் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது ஓடிக்கொண்டிருந்த மீட்டர் கேஜ் பாதைகளுக்கு மாற்றம் பெறும் வாய்ப்பு இருந்தது. அதற்கு முன்பே மூடப்பட்டவை, மறுசீரமைப்பு அல்லது புதிய பாதை என்ற பெயரில் தனி ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. டெல்டாவில் இந்த இரு வகைக்கும் எடுத்துக்காட்டுகள் உள்ளன.

*நீடாமங்கலம் – மன்னார்குடி:* 1976இல் மூடப்பட்ட பாதை, 35 ஆண்டுகளுக்குப் பின் 2011 செப்டம்பரில் அகலப் பாதையாகத் திறக்கப்பட்டது. மன்னார்குடியிலிருந்து சென்னைக்கு நேரடியாகச் செல்லும் மன்னை விரைவு வண்டியும் அப்போது தொடங்கியது. முன்பு சந்திப்பில் இறங்கி வண்டி மாற வேண்டிய ஊர், இப்போது நெடுந்தூர வண்டி புறப்படும் ஊராயிற்று.

*திருத்துறைப்பூண்டி – அகஸ்தியன்பள்ளி:* வேதாரண்யம் வழியாகச் செல்லும் 37 கி.மீ. பாதை, அகலப் பாதையாக மாற்றப்பட்டு 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. செலவு 294 கோடி ரூபாய். 1930இல் இராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த பகுதி இது. உப்பு ஏற்றுமதி இப்பாதையின் முதன்மைப் பயனாகக் கூறப்பட்டது. முன்பு இப்பாதை அகஸ்தியன்பள்ளியைத் தாண்டிக் கோடியக்கரை வரை சென்றது. அந்தக் கடைசிப் பகுதி மீளவில்லை.

*பேரளம் – காரைக்கால்:* ஏறத்தாழ 23 கி.மீ. நீளமுள்ள இப்பாதை மீண்டும் அகலப் பாதையாக இடப்பட்டு, 2025இல் சோதனை ஓட்டம் நடந்தது. காரைக்கால் துறைமுகமும் திருநள்ளாறு சனீசுவரர் கோயிலும் இதற்கு வலுவான காரணங்களாக அமைந்தன.

மூன்றிலும் பொதுவாக உள்ளவை இரண்டு. பழைய தடத்தின் நிலம் பெரும்பாலும் ரயில்வேயிடமே இருந்தது. சரக்கோ யாத்திரையோ நெடுந்தூர வண்டியோ ஏதோவொரு புதிய பயன் காட்டப்பட்டது.

பாதை திரும்பினால் மட்டும் சேவை திரும்பிவிடாது என்பதற்கும் டெல்டாவிலேயே சான்று உண்டு. பழைய ஜில்லா போர்டு பாதையின் பெரும்பகுதியை உள்ளடக்கிய திருவாரூர் – காரைக்குடி பாதை 2019இல் அகலப் பாதையாகத் திறந்தபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியிலேயே பணியாளர்கள் சென்று, ஒவ்வொரு கேட்டிலும் இறங்கி மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு ஏறினர். 149 கி.மீ. தூரத்தைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வேகத்தில் எந்தப் பாதையும் பேருந்தோடு போட்டியிட முடியாது.

புயலாலும் போராலும் மறைந்த பாதைகள்

டெல்டாவின் கிளைகள் கணக்கேட்டால் மறைந்தவை. வேறு வகையில் மறைந்த பாதைகளும் தமிழர் வாழும் நிலத்தில் உண்டு. 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி நகரும் அதன் ரயில் நிலையமும் அழிந்தன. பயணிகள் வண்டி ஒன்று கடலுக்குள் இழுக்கப்பட்டது. அங்கு ரயில் மீண்டும் செல்லவில்லை. இலங்கையில் யாழ்ப்பாணத்துக்குச் சென்ற யாழ்தேவி 1990இல் போரால் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழி அமைக்கப் பயன்பட்டன. 2014 அக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் வந்தது. கால் நூற்றாண்டு இரும்பே இல்லாமல் கிடந்த தடத்திலும் பாதை திரும்ப முடியும் என்பதை அது காட்டியது.

தடத்தைக் காக்கும் வழிகள்

ரயில் இல்லாத காலத்தில் தடத்தை என்ன செய்வது என்பதற்குப் பிற நாடுகள் சில விடைகள் கண்டுள்ளன. அமெரிக்காவில் 1983இல் செய்த சட்டத் திருத்தத்தின்படி, மூடப்படும் பாதையின் நிலத்தைத் துண்டாடாமல் நடைவழியாகவும் மிதிவண்டி வழியாகவும் பயன்படுத்தலாம். பின்னர் தேவைப்பட்டால் அதே தடத்தில் ரயிலை மீட்கலாம். ஸ்பெயினில் 1990களில் தொடங்கிய பசுமை வழித் திட்டம் பழைய பாதைகளைச் சுற்றுலா வழிகளாக மாற்றியது. இரண்டின் அடிப்படையும் ஒன்றே: தடம் துண்டாகாமல் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கி.மீ. போய்விட்டாலும் மீதியின் பயன் வெகுவாகக் குறைந்துவிடும்.

மயிலாடுதுறை – தரங்கம்பாடிப் பாதையை மீட்க வேண்டும், அதைக் காரைக்கால் வரை நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை இப்பகுதியில் நெடுநாளாக உள்ளது. இரண்டாவது கோரிக்கை, மேலே சொன்ன இணையாத முனைகளை இணைக்கும். திருக்கடையூர், தரங்கம்பாடி, திருநள்ளாறு, நாகூர் ஆகியவை ஒரே கடற்கரை வழியில் வரும்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அகஸ்தியன்பள்ளிப் பாதைக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 8 கோடி ரூபாய் ஆயிற்று. அதே விகிதம் என்று கொண்டால் 30 கி.மீ. பாதைக்கு 240 கோடி ரூபாய். கரை அழிந்த இடங்களில் நிலம் வாங்கவும், குடியிருப்போருக்கு மாற்றிடம் தரவும் ஆகும் செலவு தனி. ஆண்டுகள் செல்லச் செல்ல இந்த இரண்டாவது செலவுதான் கூடுகிறது. எனவே ரயில் வருமா என்ற முடிவு எப்போது எடுக்கப்பட்டாலும், எஞ்சிய தடத்தை அளந்து, எல்லைக் கல் நட்டு, மதகுகளைத் தூர்வாரி வைப்பது வயலுக்கும் நல்லது, வருங்காலப் பாதைக்கும் நல்லது.

மாணவர்கள் செய்யக்கூடிய களப்பணி

1986இல் பாதை நின்றபோது இருபது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைத் தொடுகின்றனர். பாதையில் பணியாற்றியவர்களில் எஞ்சியவர்கள் அதைவிட மூத்தவர்கள். பள்ளி, கல்லூரி மாணவர்கள் உள்ளூர் வரலாற்றுப் பணியாகப் பின்வருவனவற்றைச் செய்யலாம்.

1. நிலைய வாரியாக முதியோரிடம் பேசிப் பதிவு செய்தல்: வண்டி வந்த நேரம், கட்டணம், ஏற்றிய சரக்கு, கடைசி வண்டி. ஒரே செய்தியை இருவரிடமாவது கேட்டு ஒப்பிட வேண்டும்.
2. இந்திய நில அளவைத் துறையின் பழைய வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்துத் தடத்தைக் குறித்தல்.
3. பாலங்கள், மதகுகள், நடைமேடைகள் ஆகியவற்றைப் படமெடுத்து, இடமும் இன்றைய நிலையும் எழுதி வைத்தல்.
4. அட்டை டிக்கெட், கால அட்டவணை, பணி ஆணை, குடும்பப் படங்கள் போன்றவற்றை உரியவர் இசைவுடன் நகலெடுத்தல்.
5. ரயிலை ஒட்டி வழங்கும் தெரு, கேட், குட்டைப் பெயர்களைத் தொகுத்தல்.

களத்துக்குச் செல்லும்போது பழைய கட்டடங்களுக்குள் நுழைவதைத் தவிர்க்க வேண்டும். சுவர் விழும் நிலையில் இருக்கலாம், பாம்பும் இருக்கலாம். கரையில் குடியிருப்போரிடம் முதலில் வந்த நோக்கத்தைச் சொல்லிவிடுவது நல்லது. அளவு நாடாவுடன் வருபவரைக் கண்டால் வீட்டை இடிக்க வந்தவரோ என்ற அச்சம் அவர்களுக்கு எழுவது இயல்பு.